மீன் சந்தைப் பூனைகளைக் கொண்டு எக்ஸ் நிறமூர்த்தத்தைக் கற்பிப்பது எப்படி?

உயர்தர உயிரியல் மாணவருக்கு பாலைத் தீர்மானிக்கும் எக்ஸ், வை என்னும் இலிங்க நிறமூர்த்தங்களை (பெண்ணில் இரண்டு எக்ஸ், ஆணில் ஓர் எக்ஸும் ஒரு வையும்) விளக்கப் புகுவோர் பெரும்பாலும் கூர்ப்பிலிருந்தே தொடங்குகின்றனர். பூனையிலிருந்து தொடங்குவதே எளிது. திருகோணமலையில் மீன் விற்கும் இடமெல்லாம் பூனைகளுக்குக் குறைவில்லை.

காலையில் மீன் வெட்டும் நேரத்தில் மாணவரை அழைத்துச் சென்று, ஒவ்வொரு பூனையையும் செம்மஞ்சள், கறுப்பு, இரண்டும் கலந்தது என மூன்றாகப் பிரித்து எழுதச் செய்க. சாம்பல் வரிப்பூனையைக் கறுப்புடன் சேர்க்கலாம். வெள்ளையைப் பொருட்படுத்த வேண்டாம். அது எக்ஸில் இல்லாத வேறொரு பரம்பரையலகின் வேலை. அடுத்து, வாலின் அடியைப் பார்த்துப் பால் அறிக. பெட்டையில் குதத்தை ஒட்டியே சிறு பிளவு தெரியும். கடுவனில் இரண்டு துளைகளுக்கும் இடையே விதைப்பையோ, நலமடித்திருந்தால் வெறும் இடைவெளியோ இருக்கும். விசர்நோய் ஆபத்து உள்ளதால் தூக்கிப் பார்க்க விடக்கூடாது. செவுள் துண்டொன்றைக் காட்டினால் வாலை உயர்த்திக்கொண்டு தானே வரும்.

செம்மஞ்சளும் கறுப்பும் கலந்த இருநிறப் பூனைகள் ஏறத்தாழ எல்லாமே பெட்டைகளாக இருக்கும். செம்மஞ்சள் நிறத்துக்குக் காரணம் எக்ஸிலுள்ள ஏஆர்எச்ஜிஏபி36 பரம்பரையலகினுள் ஏறத்தாழ 5,000 டிஎன்ஏ மூலச்சோடிகள் அற்றுப்போனமையே என 2025இல் வெளியான ஆய்வுகள் காட்டின. பெட்டையின் இளம் முளையத்தின் ஒவ்வொரு கலமும் ஏதேனும் ஓர் எக்ஸை, எக்ஸிஸ்ட் என்னும் ஆர்என்ஏ அதன்மேல் படர்வதால், அடக்கிவிடுகின்றது. அக்கலத்தின் வழித்தோன்றல்களும் அதே எக்ஸையே அடக்கி வைத்திருப்பதால், இரு எக்ஸ்களில் ஒன்றில் மட்டும் இக்குறை உள்ள பெட்டையின் உடலில் இருநிறத் திட்டுகள் உண்டாகின்றன. எலிகளின் மயிர்நிறத்தை வைத்து 1961இல் பிரித்தானிய மரபியலாளர் மேரி லயன் முன்வைத்த விளக்கம் இதுதான். இருநிறக் கடுவன் அகப்பட்டால் அது பெரும்பாலும் எக்ஸ்எக்ஸ்வை, அதாவது இரண்டு எக்ஸும் ஒரு வையும் உடையது ஆகும். திருகோணமலையின் பிரெட்ரிக் கோட்டைப் புள்ளிமான்களை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லும் மாணவரிடம், ஆண் மானுக்கும் புள்ளி உண்டே என்று கேட்டால் போதும்.

ஓர் எக்ஸை அடக்க வேண்டிய தேவை ஏன் வந்தது என்ற கேள்வியை இப்போது எழுப்புக. எக்ஸும் வையும் ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன் சாதாரணச் சோடி ஒன்றாகவே இருந்தன. ஆண்மையைத் தீர்மானிக்கும் எஸ்ஆர்வை என்னும் பரம்பரையலகு வந்தபின், அவற்றிடையே துண்டு பரிமாறல் பகுதி பகுதியாக நின்றுபோக, வை தன் பரம்பரையலகுகளில் பெரும்பாலானவற்றை இழந்தது. ஆணுக்கு ஒரு பிரதியும் பெண்ணுக்கு இரண்டுமாக ஏற்பட்ட ஏற்றத்தாழ்வை அடக்கம் சரிசெய்கின்றது. வையுடன் இன்றும் சோடிசேரும் நுனிகளிலுள்ள பரம்பரையலகுகள் பெரும்பாலும் அடங்குவதில்லை. வேறு சிலவும் தப்புகின்றன. இதை மனப்பாடம் செய்யவிடாது, இரண்டாம் எக்ஸ் முற்றாக அடங்குவதாயின் ஒற்றை எக்ஸுடன் பிறக்கும் பெண்ணுக்கு டேர்னர் நோய்த்தொகுதி ஏன் உண்டாகின்றது என வினவி, விடையை மாணவரையே எழுதச் செய்க.