மைலோ டைனோசரும் அத்தையின் குரல்பதிவும்: பேச்சில் மிகையைப் பிடிப்பது எப்படி?

தீபாவளிக்கு முந்தைய வாரம் உட்லண்ட்ஸ் அத்தை வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு அனுப்பினார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் மகள் முகம் வெளிறிப்போய், "சித்தப்பா, 995-க்கு ஃபோன் பண்ணணுமா?" என்றாள். தொடக்கநிலை 4 படிக்கிறவள். 995 என்பது சிங்கப்பூரில் ஆம்புலன்ஸை அழைக்கும் எண். அத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. மல்லிப்பூ விலையைக் கேட்டதும் "நெஞ்சே நின்னுடுச்சு" என்று சொல்லியிருந்தார், அவ்வளவுதான்.

பிள்ளையைக் குற்றம் சொல்ல முடியாது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடுதான். பள்ளியில் உவமையும் உருவகமும் படிக்கிறார்கள். ஆனால் பாடத்தில் வருவது நிலவு முகமும் மலர்க் கையும். அத்தை வாயில் வருவது வேறு. அந்தக் குரல்பதிவை வைத்தே அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: பேச்சை எழுத்தில் இறக்குங்கள்

காதில் விழுவது ஓடிவிடும். தாளில் இருப்பது நிற்கும். உங்கள் குடும்பக் குழுவிலிருந்து அரை நிமிடக் குரல்பதிவு ஒன்றை எடுத்து, சொன்னது சொன்னபடியே எழுதுங்கள். பேச்சுத் தமிழைத் திருத்த வேண்டாம். அத்தை பேசியது இது:

"கண்ணா, தேக்காவுக்குப் போயிட்டு இப்பதான் வரேன். எள்ளு போட்டா எள்ளு விழாது, அவ்வளவு கூட்டம். உட்லண்ட்ஸ்லேர்ந்து போய்ச் சேர ஒரு யுகம் ஆச்சு. ஊரே அங்கதான் நிக்குது. வெயிலா அது, நெருப்பு. மல்லிப்பூ விலையைக் கேட்டதும் நெஞ்சே நின்னுடுச்சு. உங்க மாமா ரொம்ப உதவி பண்ணினார், நிழலா ஒரு பெஞ்சைப் பாத்து உக்காந்துட்டார். நீ வரும்போது மூணு கிலோ வெங்காயம் வாங்கிட்டு வா."

படி 2: அப்படியே நம்பிப் பாருங்கள்

ஒவ்வொரு வாக்கியத்தையும் சொல்லுக்குச் சொல் உண்மை என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கே இடிக்கிறதோ அங்கே கோடு போடுங்கள். இதில் வெட்கமே வேண்டாம், கணக்குப் போட்டே பார்க்கலாம். யுகங்களில் ஆகச் சிறியதான கலியுகத்துக்கே 4,32,000 ஆண்டு என்கிறது புராணக் கணக்கு. உட்லண்ட்ஸில் எம்ஆர்டி ரயில் ஏறி நியூட்டனில் மாறினால் அடுத்த நிலையமே தேக்கா இருக்கும் லிட்டில் இந்தியா. ஒரு மணி நேரம்கூட ஆகாது. வெயிலும் அப்படித்தான். சிங்கப்பூரில் இதுவரை பதிவான உச்ச வெப்பம் 37 டிகிரி செல்சியஸ்: 1983-இல் தெங்காவில் ஒரு நாள், 2023-இல் அங் மோ கியோவில் ஒரு நாள். நெருப்புக்கும் அதற்கும் வெகு தூரம்.

"தேக்காவுக்குப் போயிட்டு இப்பதான் வரேன்" இடிக்கவில்லை. கோடு வேண்டாம்.

படி 3: எப்படி இடிக்கிறது என்று பாருங்கள்

எல்லாரும் தடுமாறுகிற இடம் இதுதான். இடிப்பதையெல்லாம் "மிகை" என்று ஒரே பையில் போட்டுவிடுவார்கள். நான் அவளைக் கீழே காப்பிக்கடைக்கு அழைத்துப் போனேன். மூன்று பானங்கள் போதும், எல்லாம் விளங்கிவிடும்.

மைலோ டைனோசர்: மைலோ ஒரு சாக்லேட் மால்ட் பானம்; ஐஸ் மைலோவின் தலையில் கரையாத மைலோ தூளைக் குவித்துக் கொடுப்பது. ஏன் டைனோசர்? பெரிசு, அதனால். இடிப்பது அளவில்.

மைக்கல் ஜாக்சன்: சோயா பாலில் கறுப்புப் புல் ஜெல்லி போட்டது. கறுப்பும் வெள்ளையும் கலந்த அந்தத் தோற்றத்துக்காக வைத்த பெயர். இடிப்பது சாயலில்: ஒன்றைப் போல இருப்பதால் அதன் பெயரையே சூட்டிவிட்டார்கள்.

தாக் கியூ: சீனப் பேச்சில் 'பந்து உதைப்பது'. கேட்டால் வருவது மைலோ! மைலோ டின்னில் பந்து உதைக்கிறவர் படம் இருந்ததால் வந்த பேச்சு. மைலோ பந்தைப் போலவும் இல்லை, பந்தைவிடப் பெரிசும் இல்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, அவ்வளவே. இது தொடர்பு.

அளவா, சாயலா, தொடர்பா? கோடு போட்ட ஒவ்வொரு இடத்திலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். நம் இலக்கணத்தில் மூன்றுக்கும் பெயர் உண்டு. அளவை ஏற்றிச் சொல்வது உயர்வு நவிற்சி. சாயலை 'போல', 'மாதிரி' வைத்துச் சொன்னால் உவமை. அந்தச் சொல்லையும் விட்டு, அதுவே இது என்றால் உருவகம். தொடர்பை வைத்து ஒன்றின் பெயர் இன்னொன்றுக்கு ஆகிவந்தால் ஆகுபெயர். பெயர் மறந்தால் பரவாயில்லை, பானம் நினைவிருக்கட்டும்.

இப்போது அத்தையிடம் திரும்புவோம். எள்ளும் யுகமும் டைனோசர்கள். "நெஞ்சே நின்னுடுச்சு" என்பதும் அதே இனம். அதிர்ச்சி உண்மை, அளவுதான் கூடுதல். "வெயிலா அது, நெருப்பு" உருவகம், மைக்கல் ஜாக்சன் பக்கம். அதையே "நெருப்பு மாதிரி வெயில்" என்று சொல்லியிருந்தால் உவமை.

"ஊரே அங்கதான் நிக்குது" கொஞ்சம் குறும்பானது. ஊர் நிற்காது, ஊரில் உள்ளவர்கள் நிற்பார்கள். இடத்தின் பெயர் ஆளுக்கு ஆகிவந்ததால் இடவாகுபெயர். சரி, ஊரில் உள்ள எல்லாருமா? 60 லட்சம் பேரும் சிராங்கூன் ரோட்டில் நின்றால் தீவே ஒரு பக்கம் சாய்ந்துவிடும். ஆகவே அதற்குள் ஒரு டைனோசரும் இருக்கிறது. ஒரே சொல்லில் இரண்டு வகை வரலாம்; ஒன்றைத்தான் எழுத வேண்டும் என்று பிள்ளையை அதட்டாதீர்கள்.

படி 4: குரலைக் கேளுங்கள்

"உங்க மாமா ரொம்ப உதவி பண்ணினார்." தாளில் இது இடிக்கவே இடிக்காது. அடுத்த வரிதான் காட்டிக்கொடுக்கிறது. பதிவைத் திரும்பக் கேட்டால் "ரொம்ப" என்ற சொல்லை அத்தை எவ்வளவு நீளமாக இழுக்கிறார் என்பது தெரியும். புகழ்வதுபோல் இகழ்வதை வஞ்சப்புகழ்ச்சி என்பார்கள். எழுத்தில் மட்டும் படிக்கும் பிள்ளைகளுக்கு இதுதான் ஆகக் கடினம், அதனால்தான் குரல்பதிவை எடுக்கச் சொன்னேன். என் அனுபவத்தில், கணவரைப் பற்றி அத்தைமார் சொல்லும் பாராட்டில் பாதி இந்த வகை.

படி 5: பொய்யா என்று கேட்டால்

அவள் கேட்டாள்: "அப்போ பாட்டி பொய் சொன்னாங்களா?" (என் அத்தை அவளுக்குப் பாட்டி முறை.) நல்ல கேள்வி. பொய் சொல்கிறவர் நாம் நம்ப வேண்டும் என்று நினைக்கிறார். மிகை சொல்கிறவர் நாம் நம்பமாட்டோம் என்று தெரிந்தேதான் சொல்கிறார். கூட்டத்தின் எண்ணிக்கை போய்ச் சேராவிட்டாலும் தன் அலுப்பு போய்ச் சேர்ந்தால் போதும் அவருக்கு. அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் இதை அதிசய அணி என்று சொல்லி, உலக வழக்கின் எல்லையைத் தாண்டாமல் ஆன்றோர் வியக்கும்படி இருக்க வேண்டும் என்று வரம்பும் கட்டுகிறது. "எள்ளு விழாது" என்றால் வியப்போம். "தேக்காவில் 4,862 பேர் இருந்தார்கள்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னால் நம்பிவிடுவோம், பொய்யாகிவிடும். எண் துல்லியமாகும்போது உஷாராகுங்கள்.

அதற்காக எல்லா எண்ணையும் சந்தேகப்படவும் கூடாது. கடைசி வரியில் "மூணு கிலோ வெங்காயம்" என்றாரே, அது எதிலும் இடிக்கவில்லை. பண்டிகைக்குப் பத்துப் பேர் வருகிற வீடு. முன்பு ஒருமுறை இதே அத்தை இதே மாதிரி கேட்டபோது, சும்மா ஏற்றிச் சொல்கிறார் என்று நினைத்து ஒரு கிலோவோடு போய் நின்றேன். வெங்காயத்தை விட அதிகமாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நீங்களே செய்து பாருங்கள்

கீழே உள்ளவற்றை அளவு, சாயல், தொடர்பு என்று பிரியுங்கள். ஒன்றில் மட்டும் எதுவுமே இல்லை.

"எங்க பிளாக் லிஃப்ட் வரதுக்குள்ள தாடி நரைச்சிடும்."
"கோப்பியை மேசையில வை."
"அவ பேச ஆரம்பிச்சா ரேடியோ."
"பாசிர் ரிஸ்ல வீடு, துவாஸ்ல வேலை. தினமும் நாட்டோட ஒரு முனையிலேர்ந்து இன்னொரு முனைக்குப் போறேன்."

அவள் முதல் மூன்றையும் சரியாகச் சொன்னாள்: அளவு, தொடர்பு (மேசையில் வைப்பது குவளையை), சாயல். நான்காவதை யோசிக்காமல் "டைனோசர்" என்றாள். எம்ஆர்டி வரைபடத்தை எடுத்து விரித்தேன். கிழக்கு மேற்குத் தடம் ஒரு பக்கம் பாசிர் ரிஸில் முடிகிறது, மறுபக்கம் துவாஸ் லிங்க்கில். நாட்டின் கிழக்கு மேற்கு நீளமே சுமார் 50 கிலோமீட்டர்தான். வேறு நாட்டில் சொன்னால் மிகை; இங்கே அது ஒருவருடைய காலை நேரப் பயணம்.