விமானத்தை உறையவைக்காதீர்கள்: டெல்டா வானில் படமெடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருச்சியில் ஏறி இறங்கும் ஏ.டி.ஆர். 72 என்ற புரொப்பல்லர் பயணிகள் விமானத்தின் படத்தை யாரேனும் காட்டினால் நான் முதலில் பார்ப்பது புரொப்பல்லரைத்தான். அதன் ஆறு தகடுகளையும் ஒவ்வொன்றாக எண்ண முடிந்தால் அந்தப் படத்தில் உயிர் இல்லை. எஞ்சின் நின்றுபோன விமானம் வானத்தில் தொங்குவதுபோல் இருக்கும். 'வேகமாகப் போகும் பொருளுக்கு வேகமான ஷட்டர்' என்று நம்பி, கேமராவுக்குள் வெளிச்சம் விடும் அந்த மூடியை 1/2000 நொடி மட்டும் திறந்து எடுப்பதால் வரும் வினை இது.

கணக்கு எளிது. புறப்படும்போது அந்தப் புரொப்பல்லர் நிமிடத்துக்குச் சுமார் 1,200 சுற்று, அதாவது நொடிக்கு 20 சுற்று சுற்றுகிறது. 1/2000 நொடிக்குள் தகடு நான்கு டிகிரிகூட நகர்வதில்லை. 1/120 நொடி கொடுத்தால் ஒவ்வொரு தகடும் அடுத்த தகடு இருந்த இடத்தை எட்டி, வட்டம் முழுமையாகிவிடுகிறது. பழகும்வரை 1/250-இல் எடுங்கள். கை படிந்தபின் 1/125-க்கு இறங்குங்கள். கால்களை ஊன்றிக்கொண்டு இடுப்பை மட்டும் திருப்பி, விமானத்தின் வேகத்திலேயே கேமராவைக் கொண்டுபோக வேண்டும். ஷட்டர் மூடிய பிறகும் கை நின்றுவிடக் கூடாது. பத்துப் படங்களில் ஒன்பது கலங்கிப்போகலாம். பரவாயில்லை, அந்த ஒன்று போதும். செல்போன் காட்சியை வரிவரியாகப் பதிவுசெய்வதால் நண்பகல் வெளிச்சத்தில் தகடுகள் அரிவாள்போல் வளைந்து விழும். வெளிச்சம் தணிந்த அந்தியில் எடுத்தால் இது பெருமளவு குறையும்.

ஓவியர்கள் இதை முன்பே கண்டுகொண்டார்கள். 1909-இல் லூயி பிளெரியோ ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் கடந்தார். அவரைப் போற்றி 1914-இல் பிரெஞ்சு ஓவியர் ராபர்ட் டெலோனே வரைந்த ஓவியம் முழுக்க வண்ண வட்டங்கள் சுழல்கின்றன. விமானம் ஓர் ஓரத்தில் சிறியதாக இருக்கிறது. படமெடுக்கக் கிளம்பும் முன் அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்த தவறு, உச்சி வெயில் எப்போதும் தெற்கிலிருந்து விழும் வெளிநாடுகளுக்காக எழுதிய கையேடுகளை அப்படியே நம்பி ஓடுபாதைக்குத் தெற்கே போய் நிற்பது. திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. ஊரோ பூமத்திய ரேகைக்கு வடக்கே 11 டிகிரிக்குள் இருக்கிறது. சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம்வரை இங்கே உச்சி வெயில் வடக்கிலிருந்து விழுகிறது. வைகாசியிலும் ஆடியிலும் தெற்கே நின்றால் விமானத்தின் நிழல் பக்கம்தான் உங்களுக்குக் கிடைக்கும். மார்கழி, தை மாதங்களுக்குத் தெற்கு சரி.

காற்றையும் பாருங்கள். விமானம் எதிர்காற்றில்தான் ஏறும், இறங்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோமே, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்த மேற்குக் காற்று வீசும்போது விமானங்கள் பெரும்பாலும் கிழக்கிலிருந்து வந்து மேற்கு நோக்கி இறங்கும். வாடைக்காற்றில் திசை மாறிவிடும். இது தெரியாமல் தப்பான முனையில் காத்திருந்து, தூரத்தில் இறங்கும் விமானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் பலர்.

கோடை மதியத்தில் எடுத்த படம் தெளிவாக இல்லையென்று லென்ஸைக் குறைசொல்வதும் தவறு. அது கானல். சுட்ட தரைக்கு மேல் காற்று அலைவதை எந்த விலையுயர்ந்த லென்ஸும் சரிசெய்யாது. காலை எட்டு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

வெளிச்ச அளவைக் கேமராவிடம் முழுதாக விட்டுவிடாதீர்கள். வெளுத்த வானத்தை நம்பி அது படத்தை இருட்டாக்கும், விமானத்தின் அடிவயிறு கரிக்கட்டையாகிவிடும். அப்போது எக்ஸ்போஷரை ஒரு படி ஏற்றுங்கள். ஐப்பசிக் கருமேகத்தின் முன்னே வெள்ளை விமானம் வந்தால் இதற்கு நேர்மாறாகக் குறைக்க வேண்டும். டெல்டா வானம் தரும் ஆகச் சிறந்த காட்சி அதுதான் என்பேன்.

எப்போதும் நெருங்கியே எடுக்க வேண்டும் என்பதில்லை. நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயலில் வானம் முழுதும் இறங்கிக் கிடக்கும்போது, மிக உயரத்தில் போகும் விமானத்தின் வெண்புகைக் கோட்டையும் அந்த நீரையும் அகன்ற லென்ஸில் சேர்த்து எடுங்கள். விமானம் புள்ளியாக இருக்கட்டும்.

தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தின் பக்கம் கேமராவைத் திருப்பவே கூடாது. 2020 ஜனவரி முதல் சுகோய்-30 படைப்பிரிவு இயங்கும் இடம் அது. ஆர்வம் என்று சொல்லித் தப்ப முடியாது. திருச்சி விமான நிலையத்தைச் சுற்றி ட்ரோன் பறக்கவிடவும் கூடாது. ட்ரோன்களுக்கான அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில், அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாத சிவப்பு மண்டலம் எதுவரை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வரைபவர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. பெரும்பாலோர் ஜன்னல்களிலிருந்து தொடங்குகிறார்கள். இறக்கை பலகைபோல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஏர்பஸ் 320-இன் இறக்கை உடலின் அடிப்பகுதியிலிருந்து கிளம்பி நுனி நோக்கி மேலே சாய்கிறது. பறக்கும்போது காற்றின் தாங்கலில் இன்னும் சற்று வளைந்து உயர்கிறது. ஏ.டி.ஆரில் இறக்கை உடலின் முதுகில் இருக்கிறது. ஆகவே இறக்கையின் கோட்டை முதலில் ஒரே வீச்சில் போடுங்கள், பிறகு உடல், பிறகு எஞ்சின். ஜன்னல்களைக் கடைசியில் சில புள்ளிகளாக வைத்தால் போதும்.