த்ரில்லர் எடுக்கும் மாணவர்களுக்கு: பார்வையாளரிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது

"உங்களுக்கு த்ரில்லர் பிடிக்குமா? ஆம் / இல்லை." எனக்கு வந்து சேரும் மாணவர் போம்களில் (இணையக் கேள்விப் படிவங்களில்) பெரும்பாலானவை இந்தக் கேள்வியில்தான் தொடங்குகின்றன. எல்லோரும் "ஆம்" என்று தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த "ஆம்" எத்தனை சேர்ந்தாலும் கமராவை எங்கே வைப்பது என்று அது சொல்லாது.

எங்கள் குழு ஒரு தொடக்கக் காட்சிக்குத் தயாரானபோது பின்பற்றிய வழியை இங்கே எழுதுகிறேன். கமரா, எடிற்றிங் பற்றி இதில் எதுவும் இல்லை. நீளம் இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேம்பிரிட்ஜ் சர்வதேச ஏ லெவல் ஊடகக் கற்கையில் புதிய படமொன்றின் தலைப்புகளும் தொடக்கமும் என்ற செயல்முறைப் பணிக்கும் இதே அளவுதான். ஒரு ஷொட்டுக்கு (வெட்டில்லாமல் ஓடும் ஒரு துண்டுக்கு) சராசரி 4 செக்கன் என்றால் மொத்தம் 30 ஷொட்.

படி 1: கேள்விக்கு முன் முடிவுகளை எழுதுங்கள்

போமைத் திறக்க வேண்டாம். ஒரு கொப்பியில் அந்த 30 ஷொட்டுக்காக நீங்கள் எடுக்க வேண்டிய முடிவுகளை எழுதுங்கள். பகலா இரவா? முதலில் தெரிவது முகமா இடமா? யாராவது பேசுகிறார்களா? தலைப்பு கறுப்புத் திரையில் வருகிறதா, காட்சியின் மேலேயா? ஆபத்து வருவது பாத்திரத்துக்குத் தெரியும் முன்பே பார்ப்பவருக்குத் தெரிய வேண்டுமா?

அப்புறம் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில், "இப்படிப் பதில் வந்தால் இதைச் செய்வோம், அப்படி வந்தால் அதைச் செய்வோம்" என்று எழுதிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே செயல்தான் என்றால் அந்தக் கேள்வியை வெட்டிவிடுங்கள். எட்டு, பத்துக் கேள்விதான் மிஞ்சும். அது போதும். அதற்கு மேல் போனால் ஆட்கள் பாதியில் விட்டுவிடுவார்கள்.

எடுக்க முடியாத இடத்தைத் தெரிவாகப் போடாதீர்கள். யாழ்ப்பாணக் கோட்டை என்று ஒரு தெரிவு இருந்தால் நிறையப் பேர் அதைத்தான் தட்டுவார்கள். ஆனால் அங்கே படம்பிடிக்கத் தொல்லியல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். ட்ரோன் என்றால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை. தண்டவாளம் வேண்டவே வேண்டாம், யாழ்தேவி ரயில் உங்கள் "கட்"டுக்காகக் காத்திராது. கிணற்றடி, பனையோலை வேலி போட்ட ஒழுங்கை, ஆளில்லாத ரியூசன் கொட்டில் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அவற்றுக்குள் எது என்று கேளுங்கள்.

படி 2: விருப்பத்தை விட்டுவிட்டு நடந்ததைக் கேளுங்கள்

"எப்படிப்பட்ட தொடக்கம் பிடிக்கும்?" என்று கேட்டால் ஆட்கள் தங்களைப் பற்றித் தாங்கள் நினைத்துக்கொண்டிருப்பதைச் சொல்வார்கள். மெதுவான, ஆழமான காட்சிகள் பிடிக்கும் என்பார்கள். அதே ஆள் போனில் பார்க்கும்போது பத்துச் செக்கனில் தள்ளிவிட்டுப் போவார். ஆகவே இப்படிக் கேளுங்கள்:

"கடைசியாகப் பார்த்த த்ரில்லரை எதில் பார்த்தீர்கள்?" தியேட்டர், ரீவி, லப்ரொப், போன்.
"அப்போது இயர்போன் போட்டிருந்தீர்களா?"
"தொடங்கிவிட்டுப் பாதியில் நிறுத்திய படம் ஏதும் உண்டா? எந்த இடத்தில், ஏன் நிறுத்தினீர்கள்?"

சாதாரணக் கேள்விகள்தான், ஆனால் எங்கள் ஷொட் பட்டியலை மாற்றியது முதல் இரண்டும். எங்களுக்குப் பதில் சொன்னவர்களில் அதிகமானோர் போனில், இயர்போன் இல்லாமல் பார்க்கிறவர்கள். போனின் சிறிய ஸ்பீக்கரில் அடித்தொனி அநேகமாகக் கேட்காது. "தூம்ம்" என்று நெஞ்சை அழுத்தும் இசையை நம்பித் தொடக்கத்தைக் கட்டியிருந்தால் அது அவர்களுக்கு வெறும் நிசப்தமாகத்தான் இருந்திருக்கும். அதனால் கதவுத் தாழ்ப்பாள், துலாக்கயிறு போன்ற கூரிய ஒலிகளுக்கு மாறினோம். முழு இருட்டுக் காட்சியையும் விட்டோம். பட்டப்பகலில் பஸ்ஸில் இருந்து பார்ப்பவருக்குத் திரையில் தன் முகம்தான் தெரியும்.

ஒரே கேள்விக்குள் இரண்டைத் திணிக்காதீர்கள் ("இசையும் ஒளியும் நன்றாக இருந்ததா?"). பதிலை ஊட்டாதீர்கள் ("திகிலூட்டும் இருட்டுக் காட்சி உங்களைக் கவருமா?").

இன்னொரு கேள்வியை நான் கட்டாயம் என்பேன்: "எது வந்தால் தொடர்ந்து பார்க்க மாட்டீர்கள்?" வேறு ஊரில் இது இரத்தம், பல்லி பற்றிய கேள்வியாக இருக்கலாம். இங்கே ஆட்களைக் கடத்திப்போன வெள்ளை வான், இரவில் கதவு தட்டும் சத்தம், வெடியோசை எல்லாம் பலருக்குச் சினிமா உத்திகள் அல்ல, வீட்டில் நடந்தவை. அவற்றை வைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தெரியாமல் வைக்காதீர்கள். இந்தக் கேள்வியை விருப்பத் தெரிவாக விடுங்கள், "ஏன்" என்று துருவ வேண்டாம்.

படி 3: போம்

நான் கூகிள் போம்ஸ் கட்சி. சேர்வேமங்கி என்ற இன்னொரு போம் தளத்தின் இலவசக் கணக்கில் கேள்விகளுக்கும் பார்க்கக்கூடிய பதில்களுக்கும் வரம்பு உண்டு. வட்ஸ்அப் வாக்கெடுப்பு இதற்குச் சரிவராது. யார் எதற்குப் போட்டார்கள் என்று குழுவில் எல்லோருக்கும் தெரியும், முதல் நாலு பேர் போட்டதையே மற்றவர்களும் போடுவார்கள்.

தெரிவுகளின் வரிசையைக் கலைத்துக் காட்டும் வசதியை ஒவ்வொரு கேள்விக்கும் இயக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் மேலே இருப்பதற்குக் கூடுதல் வாக்கு விழும். பெயர், பாடசாலை, தொலைபேசி எண் எதுவும் வாங்காதீர்கள். வயதைக் கூட "15–17, 18–24" என்று வகையாகக் கேட்டால் போதும். பாடசாலைப் பிள்ளைகளிடம் கேட்பதென்றால் முதலில் ஆசிரியரிடம் அனுமதி.

இனி ஆட்கள் அதிகம் சிக்கும் இடம். பல தெரிவுகளைத் தட்டக்கூடிய செக்பொக்ஸ் கேள்விகளின் பதில்களைக் கூகிள் ஷீற் (பதில்கள் வந்து சேரும் அட்டவணை) ஒரே கட்டத்துக்குள் காற்புள்ளி போட்டு அடுக்கிவிடும். உங்கள் தெரிவுக்குள்ளேயே காற்புள்ளி இருந்தால் ("வெறும் வீடு, திறந்த கதவு") பின்னர் பிரிக்கும்போது அது இரண்டு பதிலாக உடைந்துவிடும். தெரிவுகளுக்குள் காற்புள்ளியே வேண்டாம்.

இதோடு ஒட்டிய இன்னொன்று: ஷீற்றில் ஒரு பதில் எத்தனை தரம் வந்தது என்று எண்ணும் கவுண்ட்இஃப் சூத்திரத்தில் சொல்லின் இரு பக்கமும் நட்சத்திரக் குறி போட்டு எண்ணுவது வழக்கம். "இசை" என்று ஒரு தெரிவும் "இசை இல்லாத நிசப்தம்" என்று இன்னொன்றும் இருந்தால், முதலாவதைத் தேடும்போது இரண்டும் சேர்ந்து எண்ணப்படும். நிசப்தம் கேட்டவர்களெல்லாம் இசை இரசிகர்களாகிவிடுவார்கள்! ஒரு தெரிவின் சொல் மற்றதற்குள் வராதபடி பெயர் வையுங்கள். செக்பொக்ஸ் கேள்வியின் சதவீதங்களைக் கூட்டினால் 100ஐத் தாண்டும், அது பிழையல்ல.

படி 4: இரண்டு துண்டு, ஒரு போட்டி

ஆபத்தை முன்கூட்டியே காட்டுவதா என்ற கேள்வியைச் சொற்களால் கேட்டு யாரும் உருப்படியான பதில் பெற்றதில்லை. த்ரில்லர் இயக்குநர் ஹிட்ச்கொக் இதை மேசைக்கடியில் இருக்கும் குண்டை வைத்து விளக்குவார்: குண்டு இருப்பது பார்ப்பவருக்குத் தெரியாவிட்டால் சில செக்கன் அதிர்ச்சி, தெரிந்துவிட்டால் பல நிமிடப் பதற்றம். இதைக் கேட்பதைவிடக் காட்டுங்கள். போனிலேயே 20 செக்கனில் இரண்டு துண்டு எடுங்கள். ஒன்றில் ஒழுங்கை முனையில் நிற்பவனை நாங்கள் முதலே பார்க்கிறோம். மற்றதில் அவன் கடைசியில்தான் வருகிறான். மற்றதெல்லாம் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

யூரியூப்பில் அன்லிஸ்ரட்டாக (லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி) ஏற்றிப் போமுக்குள் சேருங்கள். இரண்டையும் ஒருவருக்கே காட்டினால் இரண்டாவது எப்போதும் தோற்கும், கதை தெரிந்துவிட்டதே. அதனால் ஆட்களைப் பிரிக்க வேண்டும். "பிறந்த திகதி ஒற்றையா இரட்டையா?" என்று ஒரு கேள்வி வைத்து, பதிலைப் பொறுத்து வேறு வேறு பகுதிக்கு அனுப்புங்கள். ஒரு தெரிவு மட்டும் தட்டும் வகைக் கேள்வியில் அந்த வசதி உண்டு. துண்டு முடிந்ததும் இரண்டு பகுதியிலும் ஒரே கேள்வி: "அடுத்து என்ன நடக்கும் என்று பார்க்க எவ்வளவு ஆசை? 1 முதல் 5."

படி 5: யாரிடம் அனுப்புவது

லிங்க்கைக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டால் முதலில் நிரப்புவது ரொறன்ரோ மாமியும் பாரிஸ் சித்தப்பாவும்தான். அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்குப் பழைய வீடும் பனங்கூடலும் தெரிய வேண்டும். இங்கே ரியூசன் முடிந்து வரும் பதினேழு வயதுக்காரருக்கு அதே பனங்கூடல் அலுத்துப்போன காட்சி. "இப்போது எந்த நாட்டில் வசிக்கிறீர்கள்?" என்ற கேள்வியை முதலாவதாக வைத்து, எண்ணும்போது இரண்டு கூட்டத்தையும் தனித்தனியாக எண்ணுங்கள்.

40, 50 பேர் வகுப்புப் பணிக்குத் தாராளம். அந்த அளவில் சதவீதம் எழுதாதீர்கள். "32 பேரில் 9 பேர்" என்று எழுதினால் நேர்மையாகவும் இருக்கும், ஆசிரியரும் கேள்வி கேட்க மாட்டார்.

படி 6: பதிலை ஷொட்டுக்குக் கொண்டுபோவது

படி 1இல் எழுதிய கொப்பியைத் திறந்து ஒவ்வொரு முடிவுக்கும் நேரே பதிலை எழுதுங்கள், அவ்வளவுதான். பெரும்பான்மை சொன்னதற்கெல்லாம் பணிய வேண்டியதில்லை. இடத்தில் அவர்கள் சொன்னபடி போனோம், தலைப்பைக் கறுப்புத் திரையில் வைப்பதில் நாங்கள் பிடித்த பிடியிலேயே நின்றோம். ஏன் மீறினீர்கள் என்று இரண்டு வரி எழுதி வைத்தால் மதிப்பீட்டறிக்கைக்கு உதவும்.

பின்சேர்க்கை: லிங்க்கைத் திறந்தால் கூகிள் கணக்குக் கேட்கிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். "ஒருவருக்கு ஒரு பதில்" என்ற அமைப்பை இயக்கினால் அப்படித்தான் கேட்கும், நிறுத்திவிடுங்கள். ஓரிருவர் இரண்டு தரம் நிரப்பினால் குடி முழுகாது.

இன்னொருவர் கேட்டது, எழுத வேண்டிய பதில்களெல்லாம் ஆங்கில எழுத்தில் தமிழாக வருகின்றன, எப்படி எண்ணுவது என்று. எண்ண முடியாது, உட்கார்ந்து வாசிக்கத்தான் வேண்டும். நான் இப்போது அந்த ஒரு கேள்விக்கு மட்டும் வட்ஸ்அப்பில் குரல் பதிவு கேட்கிறேன், எழுதியபின் அழித்துவிடுகிறேன். வயதானவர்களிடம் தாளை நீட்டாமல் "அம்மா, ரெண்டு நிமிசம் கதைக்கலாமோ?" என்று கேட்டு நீங்களே குறித்துக்கொள்ளுங்கள்.