விழுந்த பிறகு மீண்டும் ஸ்கூட்டர் ஓடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

இடது மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் பிளாஸ்டரோடு வீட்டில் இருந்தபோது, என்னைப் பார்க்க வந்தவர்கள் இரண்டு கட்சியாக இருந்தார்கள். தோடம்பழப் பையோடு வந்து கதிரையில் உட்கார்ந்த முதற்கட்சி, “பிள்ளை, இனி உந்தச் சனியனைத் தொடாதே, பஸ்ஸில் போய் வா” என்றது. மற்றக் கட்சி, “பிளாஸ்டர் வெட்டிய அன்றைக்கே ஏறி ஓடிவிடு, விட்டால் பயம் ஊறிவிடும்” என்றது. நான் முதலில் ஒரு கட்சியின் பேச்சையும் பிறகு மற்றக் கட்சியின் பேச்சையும் கேட்டு, இரண்டாலும் கெட்டேன். அந்த அனுபவத்திலும், என்னைப்போல் விழுந்து எழும்பிய சிநேகிதிகளிடம் கண்டதிலும் இருந்து இதை எழுதுகிறேன்.

விழுந்த கதையை ஒரே சொல்லில் முடித்துவிடுவது

“வழுக்கிவிட்டது.” “கண்ணூறு.” “ஏழரைச் சனி நடக்கிறது.” விழுந்த கதை எங்கள் ஊரில் பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது. நேர்த்தி வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. முறிகண்டிப் பிள்ளையாருக்கு நானும் தேங்காய் உடைத்தேன். ஆனால் தேங்காய் உடைத்த கையோடு ஒரு கொப்பித் தாளை எடுத்து, விழுவதற்கு முந்திய ஐந்து வினாடிகளை எழுதியிருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

நான் விழுந்தது யாழ்ப்பாணத்தில், கொக்குவில் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், கார்த்திகை மழையில், ரயில் கடவையைத் தாண்டும்போது. ஒழுங்கை அந்த இடத்தில் தண்டவாளத்தைச் சாய்வாகக் கடக்கிறது. ஈர இரும்பில் முன்சில்லு ஏறியது. நான் பதறிப் பிரேக்கைப் பிடித்தேன். சில்லு தண்டவாளத்தோடு ஒட்டியபடியே வழுக்கிப் போனது. நான் சைக்கிள் பழகிய காலத்தில் அந்த இடத்தில் தண்டவாளமே இருக்கவில்லை. 1990இல் நின்றுபோன ரயில் 2014 ஒக்டோபரில்தான் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தது, அடுத்த ஜனவரியில் காங்கேசன்துறை வரை போனது. என் வயதுக்காரர் பலருக்குத் தண்டவாளத்தைக் கடக்கும் பழக்கம் கைக்கும் காலுக்கும் பிந்தித்தான் வந்தது.

இதை எழுதிப் பார்க்காதவரை, என் பயத்துக்கு எல்லையே இருக்கவில்லை. தண்டவாளத்தில் விழுந்தவள் நல்லூர் வீதியிலும் நடுங்கினேன், வெயிலிலும் நடுங்கினேன். எழுதிப் பார்த்தபின் மிஞ்சியவை மூன்று விடயங்கள்: ஈர இரும்பு, சாய்வான கோணம், இரும்பின் மேல் பிடித்த பிரேக். மூன்றுக்கும் மருந்து இருக்கிறது. தண்டவாளத்தை முடிந்தவரை செங்குத்தாகக் கடக்க வேண்டும். வேகத்தை அதற்கு முன்பே குறைத்துவிட வேண்டும். இரும்பின் மேல் இருக்கும்போது பிரேக்கும் வேண்டாம், அக்சிலேட்டரை முறுக்கவும் வேண்டாம். ஸ்கூட்டர் சில்லு சிறியது, பல வண்டிகளில் பத்து அங்குலம்தான். மோட்டார் சைக்கிள் கவனிக்காமல் தாண்டிப் போகும் குழியும் விளிம்பும் அதை மறித்துப் பிடிக்கும். வீதியில் பூசிய வெள்ளைக் கோடு, மழையில் நனைந்த இரும்பு மூடி, கோப்பாய் உரும்பிராய்ப் பக்கம் உழவு இயந்திரங்கள் தோட்டத்திலிருந்து இழுத்துவந்து விடும் செம்மண் ஆகியவையும் முதல் மழையில் இதே வேலையைத்தான் செய்யும்.

எதிரே வந்தவர்தான் முழுக் குற்றவாளி என்றாலும் இந்தத் தாளை எழுதுங்கள். அவர் பிழையைத் திருத்த உங்களால் முடியாது. அடுத்த முறை அவரைப் போன்ற ஒருவர் ஒழுங்கையிலிருந்து பாயும்போது உங்கள் கை எங்கே இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கலாம்.

பெயின்ற் பூசியதும் வண்டி சரி என்று நம்புவது

இதில்தான் நான் அதிகம் ஏமாந்தேன். கராஜில் உடைந்த கண்ணாடியை மாற்றி, கீறல்களை மறைத்து, கழுவித் துடைத்துக் கொடுத்தார்கள். புதிது போல இருந்தது. ஆனால் நேரே போகும்போது ஹாண்டில் சற்று வலப்பக்கம் திரும்பி நின்றது, வண்டி ஒரு பக்கம் இழுத்தது. பயத்தில்தான் கை கோணுகிறது என்று இரண்டு கிழமை என்னையே குறை சொல்லிக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பொடியன் ஒருநாள் வண்டியைப் பார்த்துவிட்டு, “அக்கா, முன் போர்க் முறுகி இருக்கிறது” என்றான். முன்சில்லைப் பிடித்திருக்கும் இரும்புக் கவைதான் போர்க். பயம் என்று நான் நினைத்தது இரும்பு.

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி முன்னால் குந்தி இருந்து பாருங்கள். ஹாண்டிலும் முன்சில்லின் அச்சும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருக்கின்றனவா? ஒருவரைப் பின்பக்கம் அழுத்தச் சொல்லி, முன்சில்லு நிலத்தை விட்டு எழும்பியதும் ஹாண்டிலை ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு மெல்லத் திருப்புங்கள். நடுவில் எங்காவது தட்டினால் கழுத்துப் போல்பெயாரிங்கைப் பார்க்க வேண்டும். சில்லைச் சுற்றிவிட்டு விளிம்பு ஆடுகிறதா என்று பாருங்கள். பிரேக் பிடி வளைந்திருந்தால் நிமிர்த்த வேண்டாம், மாற்றிவிடுங்கள். ஒருமுறை வளைந்து நிமிர்ந்த பிடி தேவைப்படும் நேரத்தில் முறியும்.

தலைக்கவசம் அடிபட்டிருந்தால், வெளியே சின்னக் கீறல் மட்டும் இருந்தாலும், அது தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது. உள்ளே இருக்கும் ரெஜிபோம் என்ற கெட்டி நுரை நசிவதால்தான் அடியின் வேகம் தலைக்குக் குறைந்து வருகிறது. நசிந்தது பழையபடி பொங்கி வராது, வெளியிலிருந்து பார்த்தாலும் தெரியாது. புதியதை வாங்கிவிட்டுப் பழையதைப் பின்னால் ஏறுகிறவருக்கு ஒதுக்கும் வீடுகளும் உண்டு. அவருடைய தலை என்ன பாவம் செய்தது?

உடம்பு ஒப்பும் முன்பே ஏறுவது

ஸ்கூட்டரில் இடது கைதான் பின் பிரேக். பிளாஸ்டர் வெட்டிய கிழமை என் இடது கையால் தேநீர்க் கோப்பையைத் தூக்கவே கஷ்டமாக இருந்தது. ஏறுவதற்கு முன் வண்டியை நிறுத்தி வைத்தபடி, இரண்டு பிரேக்கையும் முழுப் பலத்தோடு பிடித்து இருபது எண்ணிப் பாருங்கள். வலித்தால் அல்லது கை தளர்ந்தால் இன்னும் நாள் வரவில்லை. கழுத்தை இரு தோளுக்கும் மேலாகத் திருப்பிப் பின்னால் பார்க்க முடிகிறதா என்பதும் முக்கியம். பரியாரியார் எண்ணெய் போட்டுக் கட்டியிருந்தாலும் எக்ஸ்ரே எடுத்து முறிவு பொருந்திவிட்டதை உறுதிசெய்யுங்கள். தலையில் அடிபட்டவர்கள் தலைச்சுற்று, மங்கல், தலையிடி முழுதாக நின்று, வைத்தியர் சொன்ன பிறகே ஏற வேண்டும். நோவுக்குத் தரும் சில மாத்திரைகளும் தடிமனுக்குப் போடும் சில மாத்திரைகளும் நித்திரை தூங்க வைக்கும். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரே நாளில் பழைய பாதைக்குப் போவது, அல்லது போகாமலே இருப்பது

இரண்டாவது கட்சியின் சொல் கேட்டு, ஒரு திங்கட்கிழமை காலை ஏழரைக்கு நேரே காங்கேசன்துறை வீதியில் ஏறினேன். பள்ளிக்கூடச் சைக்கிள்கள், மினிபஸ், ஓட்டோ எல்லாம் ஒன்றாக வரும் நேரம். தட்டாதெருச் சந்திக்கு வருமுன்பே கால் உதறத் தொடங்கி, ஒருவரைக் கூப்பிட்டு வண்டியை வீட்டுக்கு அனுப்பினேன். அதன் பிறகு ஒரு மாதம் தொடவே இல்லை. தொடாத ஒவ்வொரு நாளும் நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதியைத் தின்றுதான் பயம் கொழுத்தது.

பிறகு செய்தது இது. முதல் மூன்று நாள் வளவுக்குள் வண்டியை ஸ்டார்ட் பண்ணி, ஏறி இருந்து, இறங்கி, தள்ளித் திருப்பினேன். அடுத்த கிழமை சைக்கிளை எடுத்தேன். ஸ்கூட்டர் வாங்கியவள் சைக்கிளுக்கு இறங்கிவிட்டாளே என்று ஒழுங்கையில் பேசியிருப்பார்கள். ஆனால் பயந்த அதே சந்தியை அதே கண்களோடு, பாதி வேகத்தில், எஞ்சின் சத்தம் இல்லாமல் கடக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பிறகு ஸ்கூட்டரில் ஒழுங்கைகள். பிறகு ஞாயிறு காலை ஆறு மணிக்கு முற்றவெளிப் பக்கம். பிறகு பலாலி வீதி. கடைசியாகத்தான் வேலை நாள் நெரிசல். ஒரு படி எப்போது முடிந்தது என்றால், அது அலுத்துப்போகும்போது. தைரியம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், அலுப்பு வரும்வரை ஓடுங்கள்.

நடுவழியில் நெஞ்சு படபடத்தால் உடனே வீட்டுக்குத் திருப்புவது பெரிய தவறு. படபடப்பின் உச்சியில் திரும்பினால், தப்பிவந்ததால்தான் பிழைத்தேன் என்று உடம்பு படித்துக்கொள்கிறது. ஓரமாக நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றி, தண்ணீர் குடித்து, மூச்சு அடங்கும்வரை அங்கேயே நில்லுங்கள். அடங்கியபின் இன்னும் நூறு மீற்றராவது முன்னால் ஓடிவிட்டுத் திரும்புங்கள்.

நாளும் பார்க்க வேண்டும், பஞ்சாங்கத்தில் அல்ல. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயிலைச் சுற்றிய வீதிகள் மூடப்பட்டு, வாகனமெல்லாம் ஒழுங்கைகளுக்குள் இறங்கும். அது பழகும் காலம் அல்ல. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், மறைப்பில்லாத வல்லைவெளியும் பண்ணைப் பாலமும் வேண்டாம். குறுக்குக் காற்று தேர்ந்த கையையே ஒரு முழம் தள்ளும்.

கால், கரை, பிரேக், கண்

விழுந்தவர்களைத் தூரத்திலேயே கண்டுபிடிக்கலாம். இரண்டு காலையும் பலகையிலிருந்து இறக்கி, நிலத்துக்கு நாலு விரல் மேலே தொங்கவிட்டபடி வருவார்கள். விழப்போனால் ஊன்றலாம் என்ற எண்ணம். 20 கிலோமீற்றர் வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு ஐந்தரை மீற்றர் போகிறது. அந்த வேகத்தில் ஊன்றிய கால் வண்டியைத் தாங்காது, கணுக்கால்தான் திரும்பும். தொங்கும் கால்கள் வண்டியின் சமநிலையையும் குழப்பும். முழுதாக நிற்கும்வரை கால் பலகையிலேயே இருக்கட்டும்.

அடுத்தது கரை. பயந்தவர்கள் வீதியின் இடது விளிம்போடு ஒட்டி, நடக்கும் வேகத்தில் போவார்கள். மிக மெதுவாகப் போகும் ஸ்கூட்டர்தான் அதிகம் தள்ளாடும். விளிம்பில்தான் மணலும் சல்லியும் சேரும், நிறுத்திய காரின் கதவு திறக்கும், கட்டாக்காலி மாடு படுத்திருக்கும். தார் முடியும் இடத்திலிருந்து ஒரு மீற்றராவது உள்ளே போங்கள். பின்னால் ஹோன் அடிப்பவர் உங்களைக் கண்டுவிட்டார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முன் பிரேக் பிடித்து விழுந்தவர்கள் பிறகு அதைத் தொடவே மாட்டார்கள். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னுக்கு வருகிறது. பிடிப்பும் முன் ரயரில் கூடுகிறது, பின் ரயர் இலேசாகிறது. பின் பிரேக்கை மட்டும் நம்பினால் நிற்கும் தூரம் நீளும், ஈரத்தில் பின்சில்லு பூட்டிக்கொண்டு விலகும். தவறு முன் பிரேக்கில் இல்லை. அதைத் திடீரென்று, திருப்பத்தில், மணலில் பிடிப்பதில்தான். வெறுமையான வீதியில் ஒரு தேங்காய் மட்டையை அடையாளமாகப் போட்டு, 20இல் வந்து இரண்டு பிரேக்கையும் சேர்த்து, தோடம்பழம் பிழிவதுபோல மெல்லத் தொடங்கி இறுக்கிப் பிழிந்து நில்லுங்கள். பத்துத் தரம். பிறகு 30இல். வேகம் ஒன்றரை மடங்கானாலே, பிரேக் பிடித்து நிற்கும் தூரம் இரண்டு மடங்குக்கும் மேல் ஆகும் என்பதை அந்த மட்டை காட்டிக்கொடுக்கும்.

கண் எங்கே போகிறதோ வண்டியும் அங்கே போகும். குழியையே பார்த்தால் குழிக்குள்தான் போவீர்கள். குழியின் பக்கத்தில் இருக்கும் நல்ல தாரைப் பாருங்கள்.

பின்னால் இருந்து ஓடுகிறவர்

துணைக்கு என்று கணவரை ஏற்றிக்கொண்டு போனேன். “பிரேக்கைப் பிடியும், பிடியும்! அந்த ஓட்டோவைப் பாரும்!” என்று சந்திக்குச் சந்தி அவர்தான் வண்டி ஓடினார், பின் இருக்கையில் இருந்து. ஒரு ஆளின் பாரம் கூடும்போது வண்டியின் குணமே மாறும். அதோடு இரண்டு மூளையும் சேர்ந்தால் எந்த முடிவும் நேரத்துக்கு வராது. துணை வேண்டும் என்றால் அவர் தன் வண்டியில் பின்னால் வரட்டும். பிள்ளையை ஏற்றுவதைக் கடைசிப் படியாக வையுங்கள்.

ஒரு மாதம் தாண்டியும் விழுந்த காட்சி திரும்பத் திரும்ப வந்தால், நித்திரை கெட்டால், பஸ்ஸில் இருக்கும்போதும் பிரேக் சத்தத்துக்குத் தூக்கிவாரிப்போட்டால், அது பயிற்சியால் மட்டும் தீராது. ஷெல் சத்தத்தில் வளர்ந்தவர்கள் நிறைந்த ஊர் இது. சிலருக்கு ஒரு மோதல் சத்தம் பழைய கதவுகளையும் திறந்துவிடும். யாழ். போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். “மனசு பலவீனம்” என்று வீட்டில் சொன்னால், முறிந்த கையைக் காட்டக் கூச்சப்படவில்லையே என்று கேளுங்கள்.

நான் விழுந்த கடவையை முதல்தரம் தாண்டியபோது இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். இரண்டாம் கிழமை வெயிலில், தண்டவாளத்துக்கு முன்பே வண்டியை ஒழுங்கையின் மறுகரைக்கு எடுத்து, நேராக வெட்டிக் கடந்தேன். இப்போது தினமும் அப்படித்தான் போகிறேன். கார்த்திகை மழை கொட்டும் நாட்களில் மட்டும் இன்றைக்கும் இறங்கித் தள்ளுகிறேன். பின்னால் நிற்கிற ஓட்டோக்காரர் சில நேரம் ஹோன் அடிப்பார், சில நேரம் இறங்கிவந்து ஒரு கை கொடுப்பார்.