மூன்று செட், ஐந்து ரெப்: வலு கூட்ட நினைப்பவருக்கு ஒரு தொடக்கக் கணக்கு

ஜிம்மில் சேர்ந்த முதல் நாளே மாஸ்டர் "மூணு செட், பத்து பத்து" என்று சொல்லியிருப்பார். எடையை ஒரு முறை தூக்கி இறக்கினால் ஒரு ரெப், நிறுத்தாமல் அடுத்தடுத்துச் செய்யும் ரெப்கள் சேர்ந்தது ஒரு செட். 1940களில் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலார்ம், காயம்பட்ட வீரர்களைத் தேற்றக் கையாண்ட முறையிலிருந்து பரவிய கணக்கு அது. முதலில் ஏழு முதல் பத்து செட் வரை செய்ய வைத்தவர், 1948-இல் மூன்றே போதும் என்று குறைத்துக்கொண்டார். தப்பான கணக்கு இல்லை. ஆனால் உங்களுக்கு வேண்டியது வலு என்றால் ரெப்பைக் குறைத்து எடையைக் கூட்டுங்கள்.

பத்து முறை தூக்க முடிகிற எடை, ஒரே ஒரு முறை தூக்க முடிகிற உச்ச எடையில் ஏறக்குறைய 75 சதவீதம்தான் இருக்கும். ஐந்து முறை என்றால் 85 சதவீதத்தைத் தொடும். கனமான எடையைத் தூக்கிப் பழகினால்தான் கனமானதைத் தூக்க வரும். அதோடு, எட்டாவது ஒன்பதாவது ரெப்பில் களைத்துப்போய் முதுகு வளைகிற தொல்லையும் குறையும்.

முதல் வேலை, எடையைக் கண்டுபிடிப்பது. பாரை, அதாவது எடை பிளேட் மாட்டும் இரும்புக் கம்பியை, தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டை எடுத்துக்கொள்வோம். 20 கிலோ வெறும் பாரில் ஐந்து ரெப். அப்புறம் ஐந்தைந்து கிலோவாக ஏற்றுங்கள். ஐந்தாவது ரெப் முடிந்ததும் "இன்னும் இரண்டு முடியும்" என்று தோன்றுகிற இடத்தில் நிறுத்திவிடுங்கள். அது 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்த முறை வெறும் பாரில் ஐந்து, 30 கிலோவில் மூன்று. இவை வார்ம் அப், கணக்கில் சேராது. பிறகு 40 கிலோவில் மூன்று செட், ஐந்தைந்து. இடையில் மூன்று நிமிடம் உட்காருங்கள். பக்கத்திலிருப்பவர் முறைத்தாலும் சரி.

மூன்று செட்டும் முழுதாக முடிந்ததா? அடுத்த முறை 42.5 கிலோ, பக்கத்துக்கு ஒரு 1.25 கிலோ பிளேட். 5, 5, 4 என்று நின்றுவிட்டால் அதே எடையில் திரும்பச் செய்யுங்கள். மூன்று முறை தொடர்ந்து தவறினால் பத்து சதவீதம் இறக்கி மறுபடி ஏறுங்கள். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள், மனக்கணக்கு ஏமாற்றும்.

படுத்தபடி பாரை நெஞ்சிலிருந்து மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸுக்கும் இதே கணக்குதான், ஆனால் பாரைப் பிடிக்க ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். தரையிலிருந்து பாரைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட்டுக்கு ஐந்து ரெப்பில் ஒரே ஒரு கனமான செட் போதும். முழங்கையை மடக்கி எடை தூக்கும் பைசெப்ஸ் கர்ல் போன்ற சின்னப் பயிற்சிகளுக்கு மாஸ்டர் சொன்ன பத்தையே வைத்துக்கொள்ளலாம்.