மழையில சைக்கிள்ல ஆபீஸ் போறீங்களா? பெரிய வாட்டர்ப்ரூஃப் பேக் பாத்து வாங்குறது எப்படி

ஐப்பசி வந்தாச்சு, இனி மார்கழி வரைக்கும் சென்னைல எந்த நேரத்துல கொட்டும்னு யாராலயும் சொல்ல முடியாது. நான் வேளச்சேரியிலருந்து எஸ்ஆர்பி டூல்ஸ் வழியா சோழிங்கநல்லூருக்கு சைக்கிள்லதான் போறேன். ரொம்ப நாளா சாதா காலேஜ் பேக் மேல மழைக் கவர் மாட்டி சமாளிச்சேன். ஒரு நாள் துரைப்பாக்கம் தாண்டும்போது புடிச்ச மழை விடவே இல்ல, ஆபீஸ் போய் கவரைக் கழட்டுனா வெளிப்பக்கம் காய்ஞ்சிருக்கு, முதுகுப் பக்கம் பிழிஞ்சா கொட்டுது, கவரோட அடியில ஒரு சொம்பு தண்ணி தேங்கி நிக்குது. கவர் முதுகுப் பக்கத்தை மூடாதுங்க, கழுத்துல இறங்குற தண்ணி நேரா அங்கதான் போகும். அதனால பேக்கே வாட்டர்ப்ரூஃபா இருக்கணும்.

ஸ்டெப் 1: கடைக்குப் போறதுக்கு முன்னாடி, தினமும் எடுத்துட்டுப் போற எல்லாத்தையும் கட்டில்ல பரப்புங்க. லேப்டாப், சார்ஜர், டிபன் பாக்ஸ், மாத்து பேண்ட் சட்டை, துண்டு, ஆபீஸ் ஷூ, பூட்டு, ஒரு ஸ்பேர் டியூப், சின்ன பம்ப். இப்ப வீட்டுல இருக்குற 20 லிட்டர் தண்ணி கேனைப் பக்கத்துல வச்சுப் பாருங்க, இத்தனையும் அதுக்குள்ள அடங்குமா? மத்ததோட ஷூவும் டிபனும் சேந்தாலே அடங்காது. அதான் 20 லிட்டர் பேக் வாங்குனவங்க ரெண்டே மாசத்துல கையில இன்னொரு கவரைத் தொங்கவிட்டு ஓட்டுறாங்க, அது மழையில ரொம்ப ஆபத்து. என் கணக்குக்கு 28லருந்து 32 லிட்டர் சரியா இருக்கு. லேப்டாப்பை ஸ்கேல் வச்சு அளந்து நீளம் அகலம் எழுதி வச்சுக்கோங்க, 15.6 இன்ச்னு போட்டிருக்குறது திரையோட மூலைக்கு மூலை அளவுதான், லேப்டாப் அளவு இல்ல.

ஸ்டெப் 2: வாய்ப்பகுதியைப் பாருங்க. ஜிப்பை நான் நம்புறதில்ல, ரப்பர் பூசுன ஜிப் புதுசுல நல்லாத்தான் இருக்கும், ரோட்டு மண்ணு பல்லுக்குள்ள ஏறி ஏறி தேஞ்சுடும். சுருட்டி கிளிப் போடுற ரோல்டாப்தான் அடைமழைக்குத் தாங்கும். ஜெர்மனில ஆர்ட்லீப்னு 1982ல ஆரம்பிச்ச கம்பெனி லாரி தார்ப்பாய் மாதிரி துணியில சைக்கிள் பை தைக்காம ஒட்டிச் செஞ்சு பேர் வாங்குச்சு, இன்னைக்கு நம்ம ஊர்ல கிடைக்குற பல பேக்கும் அதே முறைதான். ஆனா ஒண்ணு, வாயை மூணு சுத்தாவது சுருட்டணும், அதுக்கே முக்கா சாண் உயரம் போயிடும். கழுத்து வரைக்கும் அடைச்சா ஒரு சுத்துதான் வரும், தண்ணி உள்ள போகும். பெரிய பேக் வாங்கச் சொல்றதுக்கு முக்கியமான காரணமே இதுதான், உங்க சாமான் அளவுக்கு மேல ஒரு 5 லிட்டர் சேத்தே வாங்குங்க.

ஸ்டெப் 3: உள்பக்கத்தை வெளிய திருப்பி தையலைப் பாருங்க. ஊசி குத்துன ஒவ்வொரு ஓட்டையும் தண்ணிக்கு வழி. துணியை சூடு வச்சு ஒட்டியிருக்கணும், இல்ல தையல் மேல முழுக்க டேப் ஓடியிருக்கணும். அட்டையில 600 டீனியர்னு பெருசா போட்டிருக்கும், அது நூலோட தடிமன், தண்ணி தாங்குறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’னு மட்டும் போட்டிருந்தா தூறலுக்குத்தான் ஆகும்.

ஸ்டெப் 4: கடைக்கு உங்க ஹெல்மெட்டையும் சாமானையும் எடுத்துட்டுப் போங்க, ஆன்லைன்னா வீட்டுல ரிட்டர்ன் டைம் முடியுறதுக்குள்ள செய்ங்க. எல்லாம் போட்டு மாட்டி, சைக்கிள் ஓட்டுற மாதிரி குனிஞ்சு, தலையைத் தூக்கி ரோட்டைப் பாருங்க. ஹெல்மெட்டோட பின்பக்கம் பேக்ல முட்டுச்சுன்னா அந்த பேக் வேண்டாம், முட்டுற பேக்கோட சிக்னல்ல திரும்பிக்கூட பாக்க முடியாது. நெஞ்சுப் பட்டியும் இடுப்புப் பட்டியும் கண்டிப்பா இருக்கணும், பள்ளத்துல இறங்குறப்ப பேக் ஒரு பக்கமா சாஞ்சா ஹேண்டில் ஆடும். கலர் மஞ்சளோ ஆரஞ்சோ எடுங்க, கறுப்பு வேண்டவே வேண்டாம், மழையில பின்னாடி வர்ற பஸ் டிரைவருக்கு நீங்க தெரியணும். மொத்த எடை 6 கிலோவைத் தாண்டுதுன்னா முதுகுல சுமக்காம, கேரியர்ல மாட்டுற சைடு பேக் பக்கம் போயிடுங்க.

ஸ்டெப் 5: வாங்குன அன்னைக்கே பாத்ரூம் டெஸ்ட். உள்ள பழைய பேப்பரை நல்லா கசக்கி நிரப்பி, மூணு சுத்து சுருட்டி, ஷவருக்கு அடியில பத்து நிமிஷம் வைங்க, திருப்பித் திருப்பி, முக்கியமா அடிப்பக்கமும் முதுகுப் பக்கமும். கையைத் தொடச்சுட்டுத் திறங்க. பேப்பர்ல ஒரு சொட்டு பட்டாலும் அந்த இடம் கறுத்துக் காட்டிக் குடுத்துடும், மூலைகளைத்தான் முதல்ல பாக்கணும்.

இதெல்லாம் பாஸான பேக்லதான் எனக்கு ஒரு அடி விழுந்துச்சு. டிபன் பாக்ஸ் மூடி சரியா மூடாம சாம்பார் கொட்டிடுச்சு. சாதா பேக்னா துணி உறிஞ்சிருக்கும், வெளிய கசிஞ்சிருக்கும். இதுல ஒரு சொட்டுகூட வெளிய போகல, சார்ஜர் சாம்பார்ல ஊறிக் கிடந்துச்சு. தண்ணி உள்ள வராதுன்னா உள்ள கொட்டுனதும் வெளிய போகாதுங்க. குழம்பு, மோர், தண்ணி பாட்டில் எதுவா இருந்தாலும் வெளிப் பாக்கெட்ல நிமிந்து நிக்குற மாதிரி வைங்க, லேப்டாப்பை தனியா ஒரு உறையில போடுங்க. ஈரத்துண்டையும் உள்ள விட்டு மூடாதீங்க, சாயங்காலத்துக்குள்ள நாத்தம் புடிச்சுடும்.

வீட்டுக்கு வந்ததும் வாயைத் திறந்து தலைகீழா நிழல்ல தொங்க விடுங்க. வாஷிங் மெஷின்ல போடக் கூடாது, சோப்புத் தண்ணில துணி நனைச்சுத் தொடச்சாலே போதும். பின் வீலுக்கு மட்கார்ட் இல்லன்னா பேக் வாங்குற அன்னைக்கே அதையும் மாட்டிடுங்க, தரமணி பக்கம் தேங்கி நிக்குற சாக்கடைத் தண்ணி அத்தனையும் பேக் அடியிலதான் வந்து அடிக்கும்.