தெரமினைச் சுருதிக்குக் கொண்டுவருவது எப்படி?

தொடாமலே கையசைவால் வாசிக்கும் மின் வாத்தியமான தெரமின் கைக்கு வந்த அன்றே பாட்டு வாசிக்கப் பார்க்காதீர்கள். கல்லடியில் வயலின் சொல்லிக்கொடுக்கிற எனக்கு இந்த வாத்தியத்தில் அவ்வளவு ஆசை. அதனால்தான் சொல்கிறேன், முதலில் இடத்தைச் சரிசெய்யுங்கள்.

1920 அளவில் ரஷ்ய இயற்பியலாளர் லெவ் தெரமின் உருவாக்கிய கருவி இது. உள்ளே இரண்டு றேடியோ அலைகள் ஓடுகின்றன. நிமிர்ந்து நிற்கும் கம்பிக்குக் கிட்டக் கை போனால் ஒன்றின் அதிர்வெண் மாறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே காதில் விழும் சுரம். கை மட்டுமில்லை, பக்கத்தில் எது அசைந்தாலும் சுரம் மாறும். ஆகவே இரும்பு அலுமாரி, யன்னல் கம்பியிலிருந்து நாலடியாவது தள்ளி வையுங்கள். சித்திரை வெக்கையிலும் தலையாட்டும் ஃபேன் கிட்ட வேண்டாம். அது திரும்பும்போதெல்லாம் சுரமும் ஆடும். பார்க்க வரும் பிள்ளைகளுக்குக் கதிரையைத் தூரத்தில் போடுங்கள். எர்த் உள்ள பிளக்கில் மாட்டி, கால் மணி நேரம் சூடாக விடுங்கள்.

அப்புறம் வாசிக்கும் இடத்தில் நின்று, வலது கையைத் தோளோடு மடக்கிக்கொண்டு, சுருதிக் குமிழைத் திருகுங்கள். சத்தம் கீழே இறங்கி இறங்கி அடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். இனிக் காலை நகர்த்தக் கூடாது.

வலது கைக்கு, தெரமின் கலைஞர் கிளாரா ராக்மோரின் முறையைத்தான் நான் சொல்லிக்கொடுப்பேன். அவரும் வயலினிலிருந்து வந்தவர். கையைத் துழாவாமல், பெருவிரலும் சுட்டுவிரலும் தொட்டபடி மற்ற விரல்களை மடக்குங்கள், அது சட்ஜம் (ச). விரல்களை மெல்ல விரிக்க சுரம் ஏறும். பஞ்சமம் (ப) எந்த அளவு விரிப்பில் வருகிறது என்று சுருதிப் பெட்டியைப் போட்டுக் காதால் பிடியுங்கள். ச-ப-ச, ச-ப-ச. இது ஆடாமல் நிலைக்கும்வரை வேறெதுவும் வேண்டாம்.

இடது கை, பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சத்த வளையத்துக்கு மேல் இருக்கும். தாழ்த்தினால் சத்தம் குறையும், உயர்த்தினால் கூடும். தனிச் சுரங்களுக்கு நடுவே சட்டென்று தாழ்த்துங்கள். இல்லையென்றால் எல்லாம் ஊளையாக இழுபடும். சுரத்தை வளைத்து அசைக்கும் கமகத்துக்கு மட்டும் கையை உயரத்திலேயே விடுங்கள். நம்முடைய சங்கீதத்துக்கு இந்த வாத்தியம் எவ்வளவு இசைந்து வருகிறது என்று அப்போது தெரியும்.

முதல் பாட்டுக்கு வீட்டில் பாடும் தாலாட்டு ஒன்றை எடுங்கள். வேகமான கீர்த்தனைகள் பிறகு வரட்டும்.